ஒற்றைக் கோடு

மூன்று முறை அவன் விரலைக் குத்தினேன்.
மூன்று முறையும் ஒரே ஒரு கோடு.

பதினைந்து நிமிடம் பொறு என்கிறது அட்டை.
இருபது பொறுத்தேன்,
என் கைக்கடிகாரம் கொஞ்சம் முந்தி ஓடும்.
ரத்தம் பட்டையில் ஊர்ந்தது, வெளுத்தது,
நான் வேலை செய்கிறேன் என்பதற்கான கோட்டை
மேலே போட்டது.
கீழே வெள்ளை.
அந்த வெள்ளையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தேன்.
என் இமைமுடியின் நிழல்
ஒரு கணம் கோடு மாதிரி நின்றது.
கண்ணைச் சிமிட்டினேன், போய்விட்டது.

எவரிஸ்தோ முராயாரி. வயது முப்பத்துநான்கு. மரம் அறுப்பு.
மலேரியா: இல்லை.
இரண்டு வாரத்தில் மூன்று தடவை எழுதினேன்.
என் கையெழுத்து அழகு என்பார்கள்.

நனாய் ஆறு வடிந்து
படகெல்லாம் சேற்றில் குந்தியிருந்த மாதம்.
கால் நட்டு உயர்த்திய பலகை வீடு அவனுடையது.
பிற்பகலில் குளிர் ஏறினால்
அவன் நடுக்கம் பலகைக்குப் போகும்,
பலகையிலிருந்து தூணுக்கு,
சுவரில் மாட்டிய சட்டிகள் ஒன்றோடொன்று உரசும்.
கீழே படுத்திருக்கும் நாய் எழுந்து
வேறிடம் போய்ப் படுக்கும்.

நாய்க்குத் தெரிந்திருந்தது.
நான் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அறுப்பு முகாமின் மேஸ்திரி அபிலியோ
அந்த அட்டையைக் கேட்டு வாங்கினார்.
கூலிக் கணக்குப் பலகையில் ஆணி அடித்து மாட்டினார்.
டாக்டரம்மாவே சொல்லிவிட்டாள், பாருங்கள்.
நான் டாக்டரம்மா இல்லை.
பன்னிரண்டு நாள் பயிற்சி, ஒரு தொப்பி, ஒரு பெட்டி.
பதினோரு நாள் கூலி வெட்டு.

மனைவி ரொசால்பா
மரவள்ளி தோண்டப் போகையில்
பாயை ஒரு பார்வை பார்ப்பாள்.
காய்ச்சலும் இல்லையாம், பிறகென்ன கேடு?
அதைவிட மோசம்,
அவனே நம்பியது.
ஒன்றுமில்லை எனக்கு என்று எழுந்தான்,
ரம்பத்தைத் தோளில் போட்டான்,
படிக்கட்டில் விழுந்தான்,
விழுந்த இடத்தில் கிடந்தபடி
தன்னையே திட்டினான்.

அவன் பிழைத்ததற்குக் காரணம் நான் இல்லை.
அட்டைகள் தீர்ந்துபோனதுதான்.

வேறு வழியின்றி
கண்ணாடிச் சில்லில் ஒரு துளி தடித்துத் தடவி
உலர்த்தி, நோட்டுத் தாளில் சுற்றி
மீன் பனிக்கட்டி ஏற்றி வந்த படகில் கொடுத்தனுப்பினேன்.
இகீதோஸ் ஆய்வகத்தில் யாரோ ஹில்தா,
நான் முகம் பார்த்ததில்லை,
சாயம் ஊற்றி, ஒற்றைக் கண்ணை மூடி, குனிந்தாள்.
ஆறாம் நாள் ரேடியோவில் இரைச்சலுக்கு நடுவே:
மூன்று பிளஸ். திரும்பச் சொல்கிறேன், மூன்று.
ஆள் உயிரோடு இருக்கிறாரா?

பிறகு விளக்கினாள்.
அட்டை ஒரேயொரு புரதத்தைத்தான் தேடுமாம்.
எங்கள் ஆற்றுக் கிருமிகள் பல அதைச் செய்வதே இல்லையாம்.
காவலாளிக்கு
தொப்பி போட்டவனைப் பிடி என்று உத்தரவு.
திருடன் வெறுந்தலையோடு
வணக்கம் சொல்லிவிட்டே உள்ளே போனான்.
அட்டை பொய் சொல்லவில்லை.
எங்கோ ஒரு தொழிற்சாலையில்
யாருக்கோ தோன்றிய கேள்விக்கு
ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கிறது.
அந்தப் பதிலை
முழுப் பதிலாக்கி உரக்கப் படித்தவள் நான்.

எவரிஸ்தோ மாத்திரை விழுங்கினான், தேறினான்.
கணக்குப் பலகையிலிருந்து அட்டையைப் பிடுங்கி
என்னிடம் கொண்டுவந்தான்.
நடுவில் ஆணி போன ஓட்டை.
கோபிப்பான் என்று நின்றேன்.
பழக்க தோஷம்,
விரலை நீட்டினான்.
ரொசால்பா வெளியே படகில் இருந்தாள்,
ஏறி வரவில்லை.
கூலி இன்னும் வரவில்லை.

பதிவேட்டில் அடித்துத் திருத்தக் கூடாது.
ஓரத்தில்தான் எழுதலாம்.
எழுதினேன்.
பிறகு பக்கங்களைப் பின்னால் புரட்டினேன்,
புரட்டியிருக்க வேண்டாம்.
இல்லை, இல்லை, இல்லை,
அத்தனையும் என் அழகான கையெழுத்து.

பிப்ரவரி ஒன்பது.
தோமிதிலா அவானாரி, நாற்பத்தொன்று.
இருபதாம் தேதி புதைத்தோம்.
வயிற்றுக் கோளாறு என்றார்கள், நானும் தலையசைத்தேன்.
அவள் பெயருக்குப் பக்கத்தில்
ஓரம் காலியாக இருக்கிறது.
பேனா கையில் இருக்கிறது.
கண்ணாடியில் தடவ
அவளிடம் ஒரு துளி கேட்க முடியாது.